கையால் தொடாமல் மாட்டும் ஷூ: கொள்முதலில் கவனிக்க வேண்டியது

வயதானவர்கள் பலர் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பைப்போல் போட்டு நடப்பதைக் கடைக்காரர்கள் அறிவீர்கள். குனிய முடியாதவர் வேறென்ன செய்வார்? ஆனால் மடங்கிய ஷூ காலைப் பிடிக்காது, படியில் நழுவும்.

2012-இல் அமெரிக்காவில் மூளை முடக்குவாதம் உள்ள 16 வயது மாணவர் ஒருவர், தம்மால் நாடா கட்ட முடியவில்லை என்று நைக் நிறுவனத்துக்கு எழுதினார். 2015-இல் பின்புறம் ஜிப் வைத்துத் திறக்கும் ஷூ வந்தது. 2021-இல் அடிப்பாகமே கீல்போல் வளைந்து திறப்பதை வெளியிட்டார்கள். காலை நுழைத்து மிதித்தால் மூடிக்கொள்ளும்.

நம் விலைக்கு ஏற்றவை இரண்டு வகை. ஒன்றில் பின்குதி அமுங்கி, கால் நுழைந்ததும் தானே எழும்பும். மற்றதில் பின்குதி விறைப்பாக, மேல்விளிம்பு வெளியே சாய்ந்து, ஷூ மாட்டும் கரண்டிபோல் காலை உள்ளே இறக்கும்.

நாங்கள் ஒருமுறை மலிவென்று அறுபது ஜோடி எடுத்து ஏமாந்தோம். பின்குதியில் வெறும் அட்டை; ஒரு மழையில் ஊறி மடங்கிவிட்டது. திரும்பி வந்த சரக்கு போகட்டும், அதைப் போட்டுச் சறுக்கிய ஓர் அம்மாள் இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார்.

அதன்பின் பின்குதியைக் கட்டைவிரலால் இருபது முறை அமுக்கிப் பார்க்காமல் நாங்கள் எடுப்பதில்லை. விறைப்பான வகை மடங்கவே கூடாது. மற்றது முழுதாய் எழும்ப வேண்டும். விற்கும்போது, வாங்குபவரை நின்றபடியே மாட்டி நடக்கச் சொல்லுங்கள். குதிகால் தூக்கினால் அளவு பெரிது. சுலபமாக நுழைகிறதென்று பெரிய அளவைத் தள்ளிவிடாதீர்கள்.