பூசணி விளக்கும் சேமக்காலை மெழுகுதிரியும்

குடும்ப ஞானோபதேசம்



எமது வாசகியான ஒரு தாயார் அண்மையில் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகள் ரொறன்ரோவில் குடும்பமாக வாழ்கிறார். ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு எலும்புக்கூடு வரைந்த உடையை அணிந்து, வகுப்புத் தோழர்களோடு வீடு வீடாகச் சென்று இனிப்புச் சேர்க்கப் பேரன் ஆசைப்படுகிறான். "பேய்க்கு விழா எடுக்கிறதோ?" என்று மருமகன் மறுத்துவிட்டார். பிள்ளை அழுதபடி இருக்கிறான். மகள் தாயாரைக் கேட்க, தாயார் எம்மைக் கேட்கிறார்: "சுவாமி, இது பாவமோ, விளையாட்டோ?"

ஹலோவீன் எனப்படும் இக்கொண்டாட்டம் எமது ஊர் வழக்கமன்று. ஆயினும் 1983ஆம் ஆண்டின் பின்னர் எம் மக்களில் பெருந்தொகையானோர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடியேறியதனால், அங்குள்ள பேரப்பிள்ளைகளின் கேள்வி இங்குள்ள பாட்டிமாரின் கேள்வியாகவும் ஆகிவிட்டது. எனவே, அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிவோம்.

1. பெயரும் வரலாறும்

ஹலோவீன் என்ற சொல்லிலே பேயுமில்லை, பூதமுமில்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் "புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்திய மாலை" என்பதே. நவம்பர் 1ஆம் திகதி சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்திய இரவுதான் இது.

ஆதித் திருச்சபை வேதசாட்சிகளின் நினைவைத் தனித்தனியே கொண்டாடியது. காலப்போக்கில் அவர்கள் தொகை பெருகியது. பெயர் தெரியாத சாட்சிகளும் பலர் இருந்தனர். 609ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி, பாப்பரசர் 4ஆம் போனிபாசியார், உரோமையில் தேவர்கள் எல்லாருக்கும் உரியதாயிருந்த பந்தேயோன் கோவிலைக் கன்னிமரியாளுக்கும் சகல வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். 8ஆம் நூற்றாண்டில் 3ஆம் கிரகோரியார் புனித இராயப்பர் பேராலயத்தில் சகல புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835ஆம் ஆண்டளவில், 4ஆம் கிரகோரியாரின் காலத்தில், நவம்பர் 1ஆம் திகதித் திருநாள் பிராங்கு இராச்சியம் எங்கும் பரவியது. 1000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், குளூனி மடத்தின் அதிபர் புனித ஓடிலோ மறுநாளாகிய நவம்பர் 2ஐ இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் செபிக்கும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். பின்னர் அது திருச்சபை முழுவதன் வழக்கமாயிற்று.

அப்படியானால் பேயும் பூதமும் எங்கிருந்து வந்தன? அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்த்திய மக்கள், குளிர்காலம் தொடங்கும் அக்காலத்தில் சவின் என்ற விழாவைக் கொண்டாடினர். அந்நாளில் மறுவுலகத்தின் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடையே இருந்தது. அவ்விழாவை மறைப்பதற்கே திருச்சபை நவம்பர் 1ஐத் தெரிந்தெடுத்தது என்று சிலர் உறுதியாகக் கூறுவர். அது அவ்வளவு எளிதில் நிரூபிக்கக்கூடியதன்று. பழைய அயர்லாந்து நாட்காட்டிகள் சகல புனிதர்களின் நினைவை ஏப்ரல் மாதத்திலேயே குறித்திருக்கின்றன. இரு வழக்கங்களும் ஒரே பருவத்தில் வந்தமையால், மக்களின் வாழ்க்கையிலே ஒன்றோடொன்று கலந்தன என்பதே பொருந்தும்.

வீடு வீடாகச் செல்லும் வழக்கத்திலும் கிறிஸ்தவச் சாயல் உண்டு. இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் இந்நாட்களில் வாசல்தோறும் செல்வர். வீட்டார் கொடுக்கும் சிறு பணியாரத்துக்குக் கைம்மாறாக, அவ்வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாக்களுக்காகச் செபிப்பர். அயர்லாந்து மக்கள் டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் பெருந்திரளாக அமெரிக்கா சென்றபோது, அங்கே தாராளமாய் விளைந்த பூசணிக்காய் கிழங்கின் இடத்தைப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டில் இனிப்பு வியாபாரமும் திரைப்படங்களும் சேர்ந்து இன்றைய உருவத்தைக் கொடுத்தன. ஆக, பணியாரம் மிஞ்சியது, செபம் தொலைந்தது. முந்திய மாலை மிஞ்சியது, திருநாள் தொலைந்தது.

2. விலக்க வேண்டியது எது?

சில காரியங்களில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. இறந்தோரின் ஆவிகளை அழைத்துப் பேசுவது, குறி கேட்பது, மந்திர சூனியத்தில் கைவைப்பது ஆகியவற்றை உபாகமம் 18ஆம் அதிகாரம் வன்மையாகத் தடுக்கிறது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே போதிக்கிறது. எழுத்துப் பலகை வைத்து ஆவியை அழைப்பதை விளையாட்டு என்று பிள்ளைகள் எண்ணலாம்; பெற்றோர் அப்படி எண்ணக்கூடாது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். இரத்தம் வடியும் பிணமாக வேடமிடுவது பிற நாட்டுப் பிள்ளைக்குப் பகிடியாயிருக்கலாம். ஆனால் எம் வீடுகளில் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரிலே உண்மையான பிணங்களைக் கண்ட கண்கள் இன்னும் இருக்கின்றன. மகன் எங்கே மண்ணானான் என்று அறியாத தாய்மார் இருக்கின்றார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளை அவ்வேடத்தை அணியுமுன், "பாட்டி இதைப் பார்த்தால் என்ன நினைப்பா?" என்று ஒரு முறை கேட்கட்டும். பிள்ளையை ஏசவேண்டாம், காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள். தன் குடும்பத்தின் துயரத்தை அறிந்த பிள்ளை தானாகவே வேறு உடையைத் தேடும்.

3. அனுமதிக்கக்கூடியது எது?

பூசணிக்காயில் விளக்கேற்றுவது பாவமன்று. அயலவர் வீட்டில் இனிப்பு வாங்குவதும் பாவமன்று. வேடிக்கையான உடை அணிவதும் தன்னில்தானே தீயதல்ல. இவற்றில் ஒரு குடும்பம் சேர்ந்துகொள்ளும், இன்னொரு குடும்பம் விலகி நிற்கும். நாட்களையும் உணவையும் பற்றி உரோமைக் கிறிஸ்தவர்களிடையே பிணக்கு எழுந்தபோது, ஒருவரையொருவர் தீர்ப்பிடவேண்டாம் என்று புனித சின்னப்பர் அவர்களுக்கு எழுதிய புத்திமதி இங்கும் பொருந்தும். போக விட்ட பெற்றோர் விசுவாசமற்றவர்கள் அல்லர். மறித்த பெற்றோர் பழமைவாதிகளும் அல்லர்.

ஆனால் மறித்துவிட்டு வெறுங்கையோடு பிள்ளையை அறைக்குள் இருத்துவது போதாது. திருச்சபை அந்த இரவுக்குக் கொடுத்த செல்வத்தைப் பிள்ளையின் கையில் திருப்பிக் கொடுப்பதே பெற்றோரின் கடமை.

4. திருப்பிக் கொடுக்க வேண்டியது எது?

முதலாவது, புனிதர்களை. தன் ஞானஸ்நானப் பெயருக்குரிய புனிதரின் உடையை அணியப் பிள்ளையைத் தூண்டுங்கள். மேல்நாடுகளில் பல கத்தோலிக்கப் பங்குகளும் பாடசாலைகளும் இவ்வாறு செய்கின்றன. அந்தோனியார், செபஸ்தியார், குழந்தை தெரேசம்மாள் என்று பிள்ளைகள் வரும்போது கதையும் கூடவே வரும். அடுத்தநாள் முழுக் குடும்பமும் திருப்பலிக்குச் செல்லட்டும்.

இரண்டாவது, இறந்தோரை. நவம்பர் 2ஆம் திகதி எமது ஊர்ச் சேமக்காலைகளை நினைத்துப் பாருங்கள். புல் செதுக்கிக் கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலையில் மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை நாம் காத்து நிற்கிறோம். பிள்ளைகள் ஓடித்திரிகிறார்கள், ஆனால் எவரும் பயப்படுவதில்லை. அங்கே இருப்பது பேயல்ல, அப்பப்பாவும் அம்மம்மாவும் என்று அவர்களுக்குத் தெரியும். மரணத்தைப் பற்றி ஒரு கிறிஸ்தவப் பிள்ளை கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே. இறந்தோருக்காக மன்றாடுவது நல்லதும் புனிதமானதுமான எண்ணம் என்று மக்கபேயர் இரண்டாம் ஆகமம் 12ஆம் அதிகாரம் காட்டுகிறது.

நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்போர், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை உட்கொண்டு, பாப்பரசரின் கருத்துக்காக மன்றாடி, பாவப்பற்று அனைத்தையும் நீக்கியிருந்தால், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு ஒப்புக்கொடுக்கக்கூடிய பரிபூரண பலனைப் பெறலாம் என்பதையும் மறவாதீர்கள். எந்தச் சேமக்காலையும் போதும். ரொறன்ரோவில் உள்ளதும் போதும்.

கல்லறையே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? முதலாம் உலகப் போரில் எண்ணற்றோர் மடிந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர், நவம்பர் 2ஆம் திகதி ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் ஒப்புக்கொடுக்க அனுமதியளித்தார். அவற்றில் ஒன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்குமானது. எங்கே கிடக்கிறார்கள் என்று நாம் அறியாதவர்களும் அத்திருப்பலியில் அடங்குவர். அவர்கள் பெயரை வீட்டு மேசையில் எழுதிவைத்து, ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

கடிதம் எழுதிய அன்புள்ள அம்மாவுக்கு

பாவமுமல்ல, வெறும் விளையாட்டுமல்ல. பேரனை அயல்வீடுகளுக்குப் போக விடலாம் என்று நாம் எண்ணுகிறோம், எலும்புக்கூடு வேண்டாம். முடிவைப் பெற்றோரே செபித்து எடுக்கட்டும். நவம்பர் 2ஆம் திகதி மாலை, நீங்கள் சேமக்காலையில் நிற்கும்போது தொலைபேசியில் பேரனை அழையுங்கள். ஏற்றிய மெழுகுதிரியைக் காட்டி, "இது உன் அப்பப்பா, இது உன் பெரியமாமா" என்று பெயர் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அருள்நிறை மந்திரம் அவன் சொல்லட்டும். அக்காலத்துச் சிறுவர் பணியாரத்துக்குக் கைம்மாறாகச் செய்த செபத்தை, அவன் தான் சேர்த்த இனிப்புக்குக் கைம்மாறாகச் செய்வான்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. எம் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பெயருக்குரிய புனிதர்களின் வரலாற்றை நாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

2. எம் குடும்பத்தில் இறந்தவர்களுள் எத்தனை பேரின் பெயர்களை எம் பிள்ளைகள் அறிவார்கள்?

3. செபிக்க ஆளில்லாத கல்லறை ஒன்று எமது சேமக்காலையில் உண்டா? இவ்வருடம் அதில் யார் மெழுகுதிரி ஏற்றுவது?