பல்கலைக்கழக மருத்துவச் சோதனைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு சிகிச்சையை மனிதர்களுக்கு முறைப்படி அளித்து, அதனால் விளையும் நன்மையையும் தீமையையும் முன்கூட்டியே எழுதி வைத்த திட்டத்தின்படி அளந்தறியும் ஆய்வு மருத்துவச் சோதனை எனப்படுகிறது. மருத்துவமனைகளில் இதைக் கிளினிக்கல் டிரையல் என்றே வழங்குகின்றனர். புற்றுநோய், இதயநோய், தொற்றுநோய் என எதற்கு இன்று எந்த மருந்து தரப்பட்டாலும், அதன் அளவும் கால நீட்சியும் ஏதோ ஒரு சோதனையில் பங்கேற்ற முன்பின் அறியாத நோயாளிகளால் தீர்மானிக்கப்பட்டவையாகவே பெரும்பாலும் இருக்கும். ஆயினும் இச்சோதனைகளைப் பற்றி, குறிப்பாகப் பல்கலைக்கழகங்கள் பொறுப்பேற்று நடத்தும் சோதனைகளைப் பற்றி, மக்களிடையே உலவும் கருத்துகளில் சில மிகையான அச்சத்தாலும் சில மிகையான மதிப்பாலும் ஆனவை.

நம்பிக்கை: எல்லாச் சோதனைகளுக்கும் பின்னால் மருந்து நிறுவனமே இருக்கிறது, பல்கலைக்கழகம் இடம் மட்டும் தருகிறது.

சோதனையைத் தொடங்குவதற்கும் நடத்துவதற்கும் அதில் நேரும் தவறுகளுக்கும் சட்டப்படி பொறுப்பேற்கும் அமைப்பு ஸ்பான்சர் எனப்படுகிறது. பணம் கொடுப்பவரும் ஸ்பான்சரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ரெகவரி என்னும் கொரோனா சோதனைக்கு ஸ்பான்சர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம்; முதன்மையான நிதி அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி அமைப்புகளிலிருந்து வந்தது; பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ஆகியோர் தலைமை ஆய்வாளர்கள். நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல், கணினி சமவாய்ப்பு முறையில், அதாவது யாருடைய விருப்பு வெறுப்பும் கலவாத குலுக்கல் முறையில், ஒதுக்கியது. மூன்றே மாதங்களில், ஜூன் 16 அன்று, டெக்சாமெத்தசோன் என்னும் பழைய ஸ்டீராய்டு மருந்து உயிர்காக்கிறது என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில் 28 நாட்களுக்குள் இறந்தவர் விகிதம் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 41.4 சதவீதமாகவும், இம்மருந்தையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 29.3 சதவீதமாகவும் இருந்தது.

1950களின் இறுதியிலேயே புழக்கத்துக்கு வந்து, காப்புரிமை எப்போதோ காலாவதியாகி, எந்த மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும் மாத்திரைக்காகப் பெருஞ்செலவில் சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் வணிகக் காரணம் இருக்க முடியாது. பல்கலைக்கழகச் சோதனைகளின் தனிப்பயன் இங்கேதான் இருக்கிறது: விற்பனையால் விடை காண வழியில்லாத கேள்விகளை அவை கேட்கின்றன. சிகிச்சையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதும் அத்தகைய கேள்வியே. லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஃபாஸ்ட்-ஃபார்வர்டு சோதனையில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்ற 4,096 பேரிடம், மூன்று வாரங்களில் 15 தவணைகளாகத் தரப்பட்டுவந்த கதிர்வீச்சை ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளாகத் தந்து ஒப்பிட்டனர். நோய் அதே மார்பில் மீண்டும் தோன்றும் விகிதம் ஐந்தாண்டுகளில் மூன்று வார முறையில் 2.1 சதவீதம், மொத்தம் 26 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) தரப்பட்ட ஒரு வார முறையில் 1.4 சதவீதம். நீண்ட தொலைவு பயணம் செய்து, கூலியை இழந்து, தங்குமிடம் தேடி அலையும் நோயாளிக்கு மிச்சமாகும் அந்த இரண்டு வாரங்கள் எவ்வளவு பெரியவை என்பதை எந்த விற்பனைப் பட்டியலும் காட்டாது.

நம்பிக்கை: நோயாளி சோதனை எலியாக ஆக்கப்படுகிறார்.

இந்த அச்சம் அடிப்படையற்றதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. அமெரிக்காவின் அலபாமாவில் டஸ்கிகீ என்னுமிடத்தில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை நடத்திய ஆய்வில், மேகப்புண் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு அவர்களது நோயைப் பற்றிய உண்மையே சொல்லப்படவில்லை. பெனிசிலின் அந்நோயைக் குணப்படுத்தும் என்று தெளிவான பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1947இன் நியூரம்பர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சின்கி அறிக்கையும் அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வந்துவிட்டன என்பது, எழுதப்பட்ட நெறி மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதற்குச் சான்று.

இன்றைய ஏற்பாட்டில் அந்த நெறிகளுக்குக் காவலர்கள் இருக்கிறார்கள் என்பதே வேறுபாடு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, ஒவ்வொரு சோதனைத் திட்டத்தையும் முன்கூட்டியே ஆராயும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களுள் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்; ஒரு சட்ட அறிஞரும் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் குழுவில் இடம்பெற வேண்டும். பெரிய சோதனைகளில், நடத்துபவர்களுக்குக்கூடத் தெரியாத இடைக்கால முடிவுகளைப் பார்த்து, தீங்கு தென்பட்டால் நிறுத்தச் சொல்லும் தனிக் கண்காணிப்புக் குழுவும் உண்டு. பங்கேற்பவர் எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக அவருக்குரிய வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. எலிக்கு இந்த உரிமை எதுவும் இல்லை.

நம்பிக்கை: பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை உருண்டையைக் கொடுத்துச் சாகவிடுவார்கள்.

மருந்தைப் போன்ற தோற்றமும் மருந்துக் குணமின்மையும் கொண்ட மாத்திரை மருந்துப்போலி எனப்படுகிறது. பயனுள்ள சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் புற்றுநோய்க்கு, அதை நிறுத்திவிட்டு மருந்துப்போலியை மட்டும் தருவதை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது; ஒப்பீட்டுக் குழுவினர் நடைமுறையில் உள்ள மிகச் சிறந்த சிகிச்சையைப் பெறுகின்றனர். ரெகவரி சோதனையில் மருந்துப்போலியே பயன்படுத்தப்படவில்லை. மருந்துப்போலி பயன்படும் இடத்துக்கு எடுத்துக்காட்டாக, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஸ்பான்சராக இருக்க, பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் நோயாளிகளைச் சேர்த்த ஆட்-ஆஸ்பிரின் சோதனையைச் சொல்லலாம்: அறுவை, கீமோதெரபி முதலிய சிகிச்சைகளை முடித்தவர்களுக்கு அதன் பின்னரே, நோய் திரும்பாமல் ஆஸ்பிரின் தடுக்குமா என்று அறிவதற்காக, ஆஸ்பிரினோ மருந்துப்போலியோ தரப்படுகிறது.

நம்பிக்கை: புதிய சிகிச்சை பழையதைவிடச் சிறந்தது, அது கிடைக்காத குழுவில் சேர்ந்தவர் ஏமாந்தவர்.

மேற்கண்ட எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இதுவே. படித்தவர்களிடமும் இது காணப்படுகிறது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மச்சைக்கு ஈடாக, முன்பே எடுத்துச் சேமித்த நோயாளியின் சொந்த மச்சையையோ குருத்தணுக்களையோ திரும்பச் செலுத்தும் முறை பெருகியது. கொஞ்சம் மருந்து கட்டியைச் சுருக்குமானால் நிறைய மருந்து அழித்தே விடும் என்ற தர்க்கம் கேட்பவரை எளிதில் இணங்கச் செய்தது. இச்செலவை ஏற்க மறுத்த ஒரு காப்பீட்டு நிறுவனம் 8.9 கோடி டாலர் தர வேண்டும் என்று 1993இல் கலிபோர்னியாவில் ஒரு ஜூரி தீர்ப்பளித்தது. அதன்பின் நிறுவனங்கள் பணிந்தன. சோதனைக்கு வெளியிலேயே இச்சிகிச்சை கிடைத்ததால், குலுக்கல் முறையில் சேர்ந்து பழைய சிகிச்சை பெறும் நிலையை ஏற்க நோயாளிகள் தயங்கினர். ஆகவே விடை காண வேண்டிய சோதனைகளுக்கு ஆள் சேர்வதே ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று.

1999இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் ஆண்டு மாநாட்டில் ஐந்து சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. நான்கில் தெளிவான பயன் இல்லை. பயன் உண்டு என்ற ஐந்தாவது, தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் பெஸ்வோடாவினுடையது. அதை உறுதிசெய்து கொள்ள 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் சென்ற அமெரிக்க மருத்துவக் குழு மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டியபோது, அம்முடிவு நம்பத்தகாதது என்று வெளிப்பட்டது. அவரும் தவறான தகவல் அளித்ததை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு ஸ்டாட்மவரும் பிறரும் வெளியிட்ட முடிவின்படி, மூன்றாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் புதிய முறையில் 32 சதவீதமும் பழைய முறையில் 38 சதவீதமும் ஆவர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றாலும், புதிய முறை மேலானது என்பதற்கு அதில் இம்மியும் ஆதாரமில்லை. அதற்குள் பல்லாயிரம் பெண்கள் கடும் வேதனைக்கும், சிலர் அச்சிகிச்சையாலேயே சாவுக்கும் ஆளாகியிருந்தனர். புதிய முறை மேலானதா தாழ்ந்ததா என்ற ஐயம் மருத்துவ உலகில் உண்மையாகவே நிலவும்போது மட்டுமே குலுக்கல் முறை நியாயமாகிறது என்பதால், எந்தக் குழுவில் இருப்பவர் ஏமாந்தவர் என்று தொடக்கத்தில் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு குழுவில் பயன் கண்ட மருந்தை எல்லோருக்கும் பயனுடையதாகக் கொள்வதும் இதே பிழையின் மறுபக்கம். டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை என்றும், தீங்கிழைக்கவும் கூடும் என்றும் ரெகவரி முடிவிலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆயினும் 2021இன் கொரோனா இரண்டாம் அலையில் இந்தியாவில் வீட்டிலிருந்த நோயாளிகள் பலர் காய்ச்சல் கண்டதுமே ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கினர். அக்காலத்தில் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயுடன் இந்த மிகைப் பயன்பாடும் காரணம் என மருத்துவர்கள் கண்டனர்.

நம்பிக்கை: வேறு வழியற்றவர்களுக்கான கடைசி முயற்சியே சோதனை.

மேலே கண்ட ஃபாஸ்ட்-ஃபார்வர்டில் சேர்ந்தவர்கள் தொடக்கநிலை நோயாளிகள். ஆட்-ஆஸ்பிரினில் சேர்ந்தவர்கள் சிகிச்சை முடித்தவர்கள். நோய் வருமுன் தடுப்பதையும் நோயை முன்னதாகக் கண்டறிவதையும் ஆராயும் சோதனைகளில் நலமாக இருப்பவர்களே சேர்க்கப்படுகின்றனர்.

நம்பிக்கை: பல்கலைக்கழகம் நடத்தினால் தன்னலம் கலவாது; எனவே கேள்வி கேட்கத் தேவையில்லை.

லாபம் இல்லாத இடத்தில் புகழும் பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், புற்றுக்கட்டியின் மரபணுக் குறிகளைக் கொண்டு எவருக்கு எந்தக் கீமோதெரபி ஏற்றது எனச் சொல்ல முடியும் என்ற அனில் பொட்டியின் ஆய்வை அடிப்படையாக வைத்து நோயாளிகளிடம் சோதனைகளே தொடங்கப்பட்டன. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அக்கணக்குகளில் அடிப்படைப் பிழைகளைக் காட்டிய பின்னும் அச்சோதனைகள் உடனே கைவிடப்படவில்லை, 2010இல்தான் நின்றன. 2015இல் அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் பொட்டி செய்தது முறைகேடு என்று முடிவுசெய்தது.

முடிவுகளை வெளியிடாமல் விடுவது இதைவிடப் பரவலான குறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சோதனைப் பதிவேட்டில் முடிவு வெளியிட வேண்டிய காலக்கெடு கடந்த 7,274 சோதனைகளை பென் கோல்டேக்கரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வணிக நிறுவனங்கள் 68.1 சதவீதச் சோதனைகளின் முடிவுகளைப் பதிவேட்டில் இட்டிருந்தன. பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட வணிகம் சாராத ஸ்பான்சர்கள் இட்டவை 11 சதவீதம் மட்டுமே. இந்தக் கணக்கை எடுத்தவர்களும் ஒரு பல்கலைக்கழகத்தினரே, ஆக்ஸ்போர்டைச் சேர்ந்தவர்களே என்பது அந்த உலகின் நோயையும் மருந்தையும் ஒருசேரக் காட்டுகிறது. வெளியிடப்படாத முடிவு, பங்கேற்ற நோயாளியின் உடலை வாங்கிக்கொண்டு அவருக்கு வாக்களித்ததைத் தராமல் விட்டதாகும்.

ஆகவே சோதனையில் சேர அழைக்கப்படும் ஒருவர், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஸ்பான்சர் யார், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன சிகிச்சை, தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் ஏற்பவர் யார், முடிவு எப்போது வெளியாகும் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தினருடன் கலந்து பேசவும் நேரம் கேட்கலாம். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சோதனைகள் தொடங்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பது கட்டாயம். அப்பதிவேட்டை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.