கொழுப்பில் தங்கும் நஞ்சு

டி.டி.டி. நீரில் அநேகமாகக் கரைவதில்லை. கொழுப்பில் எளிதில் கரைகிறது. தொல்லை முழுவதற்கும் மூலம் இப்பண்பே. தீவனத்தில் ஒட்டிய சிறு எச்சம் மாட்டின் உடற்கொழுப்பில் நாளடைவில் சேர்ந்து, பாலின் வழியே வெளியேறுகிறது. காய்ச்சுவதால் அது முற்றிலும் நீங்கிவிடாது. வெண்ணெயிலோ மேலும் செறிகிறது. எனவே கட்டுப்பாடு தீவனத்திலேயே தொடங்க வேண்டும்.

வேளாண்மையில் இதன் பயன்பாட்டை இந்தியா 1989-இல் தடை செய்தது; 1997-இல் பி.எச்.சி.யும் விலக்கப்பட்டது. ஆயினும் மலேரியா, காலா அசார் ஒழிப்புக்காகச் சுவர்களில் டி.டி.டி. தெளிப்பது தொடர்ந்தது. சுகாதாரக் கிடங்கிலிருந்து மருந்து வயலுக்குச் சென்றால் தடை ஏட்டளவில்தான் நிற்கும். இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது அற்பப் பணியன்று.

தாய்ப்பாலிலும் எச்சம் காணப்படுவதுண்டு. அதற்காகப் பாலூட்டலை நிறுத்தச் சொல்லலாகாது. அதன் நன்மை மிகப் பெரிது. குறைக்க வேண்டியது தாயின் உணவில் சேரும் எச்சத்தையே.