ஒரு யூனிட் மணலுக்கு யார் துட்டு கொடுப்பா?

(தண்ணீர், கழிப்பறைச் சிறுதொழில்களைக் கைதூக்கிவிடுவது பற்றி ஒரு பாடம்)

— இரண்டாமாண்டு, சிவில் பிரிவு



கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் தீப்பெட்டி என்பார்கள், கடலைமிட்டாய் என்பார்கள். மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் நம் வீட்டு அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் பேச்சு தண்ணீராகத்தான் இருக்கும். நம் ஊருக்கு ஆறு கிடையாது. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியில் இருந்து குழாயில் ஏறி வரவேண்டும். போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். மழை பெய்தால் கரிசல் மண் ஊறி உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்.

இந்த மண்ணில் சர்க்காரும் நகராட்சியும் செய்கிற வேலைக்கு இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்புகிறவர்கள் சின்னத் தொழில்காரர்கள். டிராக்டரில் தண்ணீர் கொண்டு வருகிறவர், இருபது லிட்டர் கேன் போடுகிறவர், சிமெண்ட் உறை வார்க்கிறவர், கக்கூஸ் கட்டுகிற கொத்தனார், செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். இவர்கள் ஒரு வாரம் வேலையை நிறுத்தினால் நம் பாடு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறோமா? இவர்களுக்கு உண்மையிலேயே எது உதவி, எது வெறும் பேச்சு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

மாமா கட்டிய குழி

என் தாய்மாமா கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு இரட்டைக்குழி கழிப்பறை கட்டிக் கொடுத்தார். சித்திரையில் கட்டியது, ஐப்பசி மழையில் குழி நிரம்பி, பேசின் வழியாகத் தண்ணீர் எதிர்த்து வந்துவிட்டது. கரையும் ஒரு பக்கம் உள்வாங்கியது. வீட்டுக்காரர் தெருவில் நிறுத்தி வைத்துப் பேசினார். மாமா ஒன்றும் பேசவில்லை. அத்தையின் கம்மலை அடகு வைத்துத் தன் சொந்தச் செலவில் குழியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

அவர் சிமெண்டைத் திருடவில்லை, கல்லைக் குறைக்கவில்லை. செம்மண் ஊரில் கற்றுக்கொண்ட அளவைக் கரிசலில் கட்டினார், அவ்வளவுதான். தப்பு எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இந்த வருஷம் பொதுச் சுகாதாரப் பொறியியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கணக்கைப் பாருங்கள்

உறிஞ்சு குழியின் வேலை தண்ணீரை மண்ணுக்குள் விடுவது. ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் நிலத்தில் 50 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். கரிசலில் 10 லிட்டர்தான். இதில்தான் சங்கதியே இருக்கிறது.

ஐந்து பேர் உள்ள குடும்பம். வாளியில் ஊற்றிக் கழுவுகிற கழிப்பறையில் ஓர் ஆளுக்கு நாளுக்கு சுமார் 9.5 லிட்டர். ஆக மொத்தம் சுமார் 48 லிட்டர் குழிக்குள் போகிறது.

குழியின் உள்விட்டம் 1 மீட்டர். அரைச் செங்கல் சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து 0.23 மீட்டர். வெளிவிட்டம் 1.23 மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெளிப்பரப்பு சுமார் 3.86 சதுர மீட்டர். அது உறிஞ்சுவது நாளுக்கு 38 லிட்டர் சொச்சம். உள்ளே போவது 48, வெளியே போவது 38. நாளுக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தேங்குகிறது. அதன்மேல் மழையும் வந்தால் குழி என்ன செய்யும்?

இதற்குப் பொறியியல் கையேடு ஒரு வழி சொல்கிறது. கரிசலில் குழிச் சுவருக்கு வெளியே சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு மணலோ, சரளையோ, சிறு ஜல்லியோ நிரப்ப வேண்டும். அப்போது மண்ணைத் தொடுகிற விட்டம் 1.83 மீட்டர் ஆகிறது, பரப்பு 5.75 சதுர மீட்டர். நாளுக்கு 57 லிட்டர் உறிஞ்சும். 48 லிட்டருக்கு இது தாராளம். இன்னொரு நன்மையும் உண்டு. கரிசல் உப்பி நெருக்கும்போது அந்த நெருக்கலை மணல் தாங்கிக்கொள்ளும், சுவர் தப்பிக்கும்.

இதற்கு எவ்வளவு மணல் வேண்டும்? ஒரு குழிக்கு 1.44 கன மீட்டர். இரண்டு குழிக்கு 2.88. நூறு கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கன மீட்டர். ஆக, சொல்லி வைத்தது போல ஏறக்குறைய ஒரே ஒரு யூனிட்!

பெரிய கண்டுபிடிப்பு செய்த பெருமையில் நோட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "மருமகனே, புஸ்தகத்துல சரியாத்தான் போட்டிருக்கான். அந்த ஒரு யூனிட் மணலுக்கு யாரு துட்டு கொடுப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தோழர்களே, அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

துட்டு எங்கே சிக்குகிறது?

2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமத்து வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டி முடித்துக் காட்டிய பிறகுதான் பணம் என்கிற முறையில், முதலில் கை போடுவது யார்? கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்காரரிடம் கையில் காசு இல்லை. கொத்தனார் ஹார்டுவேர் கடையில் கடன் சொல்கிறார். கடைக்காரர் விலையில் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார். பணம் வரும்வரை சித்தாளுக்குக் கூலி நிலுவை. இந்த நெருக்கடியில் எதைக் குறைப்பது? கண்ணுக்குத் தெரிகிற கதவையும் பேசினையும் குறைக்க முடியாது. மண்ணுக்குள் மறைகிற மணலைத்தான் குறைப்பார்கள்.

ஆகவே பயிற்சி மட்டும் கொடுத்தால் போதாது. தெரிந்தும் செய்ய முடியாத நிலைமை இருக்கிறதே! அறிவு, பணம், நிலையான வேலை மூன்றும் சேர்ந்தால்தான் சிறுதொழில் நிமிரும்.

திருச்சி காட்டிய வழி

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. திருச்சியில் 1987-ல் எஸ். தாமோதரன் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் குடிநீர், கழிப்பறை வேலையையே முழுமூச்சாக எடுத்துக்கொண்டது. 2003-ல் திருச்சி மாவட்டம் தாண்டவம்பட்டி, திறந்தவெளியில் மலம் கழிக்காத கிராமம் என்று பெயர் எடுத்தது. நகரத்துக் குடிசைப் பகுதிகளில் சமுதாயக் கழிப்பறைகளை மகளிர் குழுக்களே கட்டணம் வாங்கி நடத்தின. வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்கி, கணக்கெழுதி, சுத்தம் செய்ய ஆள் வைத்து, மிச்சத்தில் மோட்டார் ரிப்பேர் பார்த்தார்கள். தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கிராமாலயாவின் முயற்சியில் பிறந்த கார்டியன் என்ற சிறுகடன் நிறுவனம், குடிநீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் கடன் கொடுப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கித் தவணையில் கட்டினார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? கடன் போனது கொத்தனாருக்கு அல்ல, வீட்டுக்காரிக்கு. ஆனாலும் லாபம் கொத்தனாருக்கும்தான். கையில் காசோடு வருகிற வாடிக்கையாளர்தான் சிறுதொழில்காரனுக்கு முதல் உதவி. மணலுக்குத் துட்டு கேட்டால் அவரால் கொடுக்க முடியும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கறவை மாடு வாங்கினால் பால் வரும், தையல் மிஷின் வாங்கினால் கூலி வரும். கழிப்பறை வருமானம் தராது. தவணை தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் இருந்துதான் போக வேண்டும். ஆகவே கடன் சிறியதாகவும், வட்டி குறைவாகவும், தவணை நீளமாகவும் இருக்க வேண்டும். கழிப்பறை கட்டி வீடு கடனில் மூழ்கினால் அது உதவியா?

கட்டணக் கழிப்பறை என்பதற்கு இந்தியாவில் வழிகாட்டியவர் பிந்தேஷ்வர் பாதக். 1970-ல் சுலப் நிறுவனத்தைத் தொடங்கி, 1974-ல் பாட்னாவில் காசு கொடுத்து உபயோகிக்கும் கழிப்பறையை நடத்திக் காட்டினார். சுத்தமாக இருந்தால் ஏழையும் காசு கொடுப்பான் என்பதை அது நிரூபித்தது.

செப்டிக் டேங்க் லாரி

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், கவனமாகப் படியுங்கள். செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்லையே" என்று இறங்குகிறவர் ஏறுவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் ஏறுவதில்லை.

2013-ல் வந்த சட்டம் பாதுகாப்பின்றி மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்தது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஆள் வருவாரா?

மனிதன் இறங்காமல் இருக்க வேண்டுமானால் உறிஞ்சுகிற லாரி வேண்டும். அந்த லாரிக்காரர் ஒரு சிறுதொழில்காரர். தமிழ்நாட்டில் 2022-ல் சட்டத்தைத் திருத்தி, கழிவு லாரிகள் உள்ளாட்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், கழிவைக் குறிப்பிட்ட இடத்தில்தான் கொட்ட வேண்டும், மீறினால் அபராதம் என்று வைத்தார்கள். சரிதான். ஆனால் கொட்டுகிற இடம் தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும்? டீசல் செலவில் லாபம் போய்விடும். ராத்திரி நேரம், ஓரத்தில் ஓடை, கைக்கு எட்டுகிற வால்வு! அந்த ஓடை போய்ச் சேருவது கண்மாய்க்கு. ஆகவே அபராதம் ஒரு கை என்றால், பக்கத்தில் சுத்திகரிப்பு இடம் அமைத்துக் கொடுப்பது மறு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

தொழில் தொடங்கக் கடன் வழியும் உண்டு. துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தினர் வண்டி வாங்கி முதலாளி ஆவதற்கு 2014-ல் ஸ்வச்சதா உத்யமி யோஜனா வந்தது. கூலிக்குத் தொட்டியில் இறங்கியவரின் மகன் லாரிக்குச் சொந்தக்காரர் ஆவதை விடப் பெரிய மாற்றம் உண்டா?

கேன் தண்ணீர்

கேன் போடுகிறவர் கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார். அது காட்டும் எண் கரைந்த உப்பைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. இந்தியத் தரத்தில் குடிநீருக்கு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஒப்புக்கொள்ளலாம். எண் 50 காட்டினாலும் கேன் கழுவாமல் இருந்தால் வயிற்றுப்போக்கு வரும். இவர்களுக்குத் தேவை மலிவான பரிசோதனையும், கேன் கழுவுகிற ஒழுங்கும். சுத்தமாக நடத்துகிறவருக்கும் ஏனோதானோ என்று நடத்துகிறவருக்கும் ஒரே விலை, ஒரே மரியாதை என்றால் எவர் சுத்தமாக நடத்துவார்?

நாம் என்ன செய்யலாம்?

நாம் மாணவர்கள், நம்மிடம் பணம் இல்லை. ஆனால் படிப்பு இருக்கிறது. சிவில் மாணவர்கள் கரிசலுக்கு ஏற்ற குழியின் படத்தைத் தமிழில், அடிக் கணக்கில் ஒரே தாளில் வரைந்து கொத்தனார்களுக்குக் கொடுக்கலாம். மெக்கானிக்கல் மாணவர்கள் லாரிக்காரருக்குப் பம்பு பராமரிப்பு சொல்லித் தரலாம். கல்லூரி ஆய்வகத்தில் மாதம் ஒரு நாள் தண்ணீர் பரிசோதனைக்கு ஒதுக்கும்படி நம் மன்றம் முதல்வர் அவர்களைக் கேட்கலாம். எல்லாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு, கணக்கு எழுதித் தருவது. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாத சிசுக் கடன் உண்டு. ஆனால் வரவு செலவு காட்டச் சொன்னால் மாமா போன்றவர்கள் எதைக் காட்டுவார்கள்? எல்லாம் தீப்பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது!

மாமாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் எழுதுகிறேன். மணலுக்குப் பதில் சூளையில் ஒதுக்கிய உடைசல் செங்கலை ஜல்லியாக உடைத்துப் போடலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். கையேட்டைப் பார்த்தேன், சிறு ஜல்லிக்கு அதில் இடம் இருக்கிறது. செலவு குறைந்தது.

போன மாதம் ஒரு வீட்டில் அந்தச் செலவையும் தரமாட்டேன் என்றார்கள். "அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. திரும்பவும் என்னால அடகு வைக்க முடியாது" என்று மாமா எழுந்து வந்துவிட்டார். அந்த வாரம் அவருக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் கணக்குத் தாளைக் காட்டியதும் சம்மதித்தார்கள்.

ஒரு கொத்தனார் சரியான வேலையைச் செய்வதற்காக ஒரு வாரக் கூலியை இழக்க வேண்டியதில்லை. அந்த நிலைமையை மாற்றுவதற்குப் பெயர்தான் சிறுதொழிலுக்கு ஆதரவு. டிப்ளமோ வாங்கி நாளை நாம் மேற்பார்வையாளராக நிற்கும்போது, எஸ்டிமேட்டில் அந்த ஒரு யூனிட் மணலைச் சேர்த்து எழுதுவோம், தோழர்களே!