சக்கரங்களின் மேல் ஒரு வீடு
(டார்வின் நகரை அறிவோம்: மேற்பிரிவு மாணவர்க்கான பாடம்)



வைகாசி பிறந்ததும் மெல்பேணில் குளிர் தொடங்கிவிடும். அவ்வேளையில் எமது அயல்வீட்டு முதியவரும் அவர்தம் துணைவியாரும் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டைக் கொளுவிக்கொண்டு வடக்கு நோக்கிப் புறப்படுவர். அவ்வீட்டினுள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டியும் உண்டு. அதனைக் கரவன் என்பர். இச்சொல் பாரசீக மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. முன்னாளில் அது பாலை நிலத்தைக் கூட்டமாகக் கடந்துசெல்லும் வணிகரைக் குறித்தது. அத்தகைய வணிகக் கூட்டத்திற்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் 'சாத்து' என்பதாகும்.

சென்ற ஆண்டு அவ்விருவரும் சென்ற நகர் டார்வின். அவர்கள் காட்டிய படங்களையும் கூறிய செய்திகளையும் துணையாகக் கொண்டு இப்பாடத்தை எழுதுகின்றோம்.

வழி

மெல்பேணிலிருந்து டார்வினுக்குத் தரைவழித் தூரம் 3,700 கிலோமீற்றருக்கும் அதிகம். அடிலெயிட் வழியாகப் போர்ட் ஒகஸ்டாவை அடைந்தால், அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை கண்டத்தின் நடுவே வடக்கு நோக்கிச் செல்கின்றது. 1862 ஆம் ஆண்டில் தெற்கிலிருந்து புறப்பட்டு வடகரையை அடைந்த ஜோன் மக்டூவல் ஸ்டூவர்ட் என்பாரின் பெயர் இச்சாலைக்கு இடப்பட்டுள்ளது. வழியில் செம்மண் வெளி. பின்னர் அலிஸ் ஸ்பிறிங்ஸ், ரெனன்ற் கிறீக், கத்தறின் ஆகிய ஊர்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பல நூறு கிலோமீற்றர் இருப்பதால், எரிபொருளும் குடிநீரும் கணக்கிட்டே புறப்படல் வேண்டும். முதியவர் ஒவ்வொரு நாளும் பொழுது சாயுமுன் வண்டியை நிறுத்திவிடுவாராம். மாலை இருளில் கங்காருக்கள் சாலையைக் கடக்கும் என்பதே காரணம்.

பருவம்

டார்வின் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. சென்னை வடக்கே 13 பாகையில் உள்ளது. ஆகவே நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தொலைவின. டார்வினில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே நிற்கும். மே முதல் ஒக்ரோபர் வரை வறள்பருவம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைப்பருவம். மார்கழி, தை மாதங்களில் ஆசியாவிலிருந்து வீசும் வாடைக்காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் திசை திரும்பி, வடமேல் பருவக்காற்றாக டார்வினை அடைகின்றது. யாழ்ப்பாணத்து வயல்களைத் தழுவிய காற்றின் உறவினர் அங்கும் மழை பொழிகின்றனர் எனலாம்.

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். டார்வின் மண்ணின் ஆதிக்குடிகளான லரக்கியா மக்களோ ஏழு பருவங்களாக வகுத்துள்ளனர். மண்ணோடு நெடுங்காலம் வாழ்ந்தோர்க்கே இந்நுட்பம் கைவரும்.

வறள்பருவத்தில் வியாழன், ஞாயிறு மாலைகளில் மிண்டில் கடற்கரையில் சந்தை கூடும். ஞாயிறு கடலில் அமிழ்வதை மணலில் அமர்ந்து காணலாம். ஆயினும் அக்கடலில் முதலைகளும் கொடிய நஞ்சுடைய சொறிமுட்டைகளும் உள. அவ்வளவு நீலக் கடல் இருந்தும் கால் நனைக்கவில்லை என்று அம்மையார் குறைபட்டுக்கொண்டார்.

வரலாறு

1839 இல் பீகிள் என்னும் கப்பலில் வந்தோர் அத்துறைமுகத்திற்கு அறிஞர் சார்ள்ஸ் டார்வினின் பெயரைச் சூட்டினர். 1869 இல் அமைந்த குடியேற்றம் முதலில் பாமஸ்ரன் எனப்பட்டு, 1911 இல் டார்வின் ஆயிற்று. 1942 பெப்ரவரி 19 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் 230 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1974 இல் நத்தார் இரவில் 'ட்றேசி' என்னும் சூறாவளி நகரைச் சிதைத்தது. ஒரு வார காலத்துள் 30,000 இற்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் பின்னர் மீண்டு வந்து நகரைக் கட்டியெழுப்பினர். 1976 இல் வியட்நாமிலிருந்து சிறு படகில் ஐவர் அங்கு வந்திறங்கினர். லரக்கியா மக்கள் கொக்ஸ் குடாநாட்டு நிலத்திற்கு 1979 இல் உரிமை கோரினர். அந்நில உரிமைப் பத்திரம் 2016 இல் வழங்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தனர்.

நாம் காணாத நகர்

படங்களைக் காட்டிக்கொண்டிருக்கையில் அம்மையார், "நீங்கள் டார்வினுக்குப் போனதுண்டா?" என வினவினார். "சில மாதங்கள் இருந்தோம், ஆனால் பார்த்ததில்லை" என்றோம். 2012 இல் கடல்வழி வந்த எம்மை அந்நகரில் ஒரு வேலிக்குள் வைத்திருந்தனர். வெக்கையும் தவளைச் சத்தமும் வேலிக்கு அப்பால் நின்ற ஒரு மாமரமுமே நாம் அறிந்த டார்வின். கடல் எத்திசையில் உளது என்பதும் எமக்குத் தெரியாது.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் முதியவர் எழுந்துபோய், மடிப்புகள் கிழிந்த தம் சாலை வரைபடத்தை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். "இதோ கடல்" என்று விரலை வைத்துக் காட்டினார். புறப்படும்போது அதனை எம் கையிலேயே தந்துவிட்டார். அவ்வரைபடமே இன்று எமது வகுப்பறைச் சுவரில் தொங்குகின்றது.

மாணவர்களே, பயணம் என்பது வேறு. இடம்பெயர்வு என்பது வேறு. பயணம் செல்பவர் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துச் செல்கின்றார். இடம்பெயர்பவரிடமும் சிலவேளை திறப்பு இருக்கும், வீடு இராது. இவ்வேறுபாட்டை உங்கள் பெற்றோர் நன்கறிவர். நீங்கள் சொற்பொருளாகவேனும் அறிதல் வேண்டும்.

பயிற்சி

1. பயணம், இடம்பெயர்வு, புலம்பெயர்வு: இம்மூன்று சொற்களையும் தனித்தனி வாக்கியங்களில் அமைக்குக.

2. தமிழரின் ஆறு பெரும்பொழுதுகளைப் பெயர் கூறி, மெல்பேணில் அவை பொருந்துமா என ஆராய்க.

3. உங்கள் இல்லத்து மூத்தோர் ஒருவரிடம், அவர் இருந்தும் பார்த்திராத ஓர் ஊரைப் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் எழுதி வருக.