காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: விற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வண்டியை இறக்க வேண்டும், ஸ்பிரிங் இருக்கிறதா?" என்று கேட்டு உதிரிபாகக் கடைகளுக்கு இளைஞர்கள் வருகிறார்கள். எடுத்துக் கொடுத்து பில் போடுவது எளிது. ஆனால் இது ஹாரன், சீட் கவர் போன்ற சரக்கு அல்ல. வண்டியின் பாரமும் உள்ளே இருப்பவர்களின் உயிரும் இதன்மேல் நிற்கின்றன. ஆகவே கடைப் பையன்களுக்கும் சொல்லித் தரும் வகையில் இதன் அடிப்படையைப் பார்ப்போம்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடி

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அது மேலும் கீழும் ஆடாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உதாரணமாக, ஒரு காரில் சக்கரம் மேலே ஏறி ரப்பர் ஸ்டாப்பரைத் தொட 75 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது 35 மட்டுமே. அந்தக் குறைந்த இடத்துக்குள் அடியைத் தாங்க வேண்டியிருப்பதால், தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் கூடுதல் விறைப்பாகச் செய்கிறார்கள். பழைய ஷாக் அப்சார்பரால் அந்த விறைப்பை அடக்க முடியாது. வண்டி துள்ளும், ஸ்டாப்பரில் அடிக்கடி இடிக்கும், சீல் போய் எண்ணெய் கசியும்.

ஆகவே 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க நினைப்பவருக்கு ஸ்பிரிங்கை மட்டும் தனியாக விற்கக் கூடாது. அதற்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பரும் ஸ்டாப்பரும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

வெட்டிய ஸ்பிரிங் வேண்டாம்

சில பட்டறைகளில் ஒரிஜினல் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி விடுகிறார்கள். வேலை செய்யும் சுற்று ஆறு இருந்து ஐந்தானால் விறைப்பு 20 சதவீதம் கூடும். அத்துடன் கிண்ணத்தில் பொருந்தி உட்காரும் முனையும் போய்விடுகிறது. கேஸ் வைத்துச் சூடேற்றி இறக்கினாலோ இரும்பின் பதம் கெட்டு, நாளடைவில் ஸ்பிரிங் தொய்யும் அல்லது ஒடியும்.

எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஒரு சோதனை அவசியம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், ஸ்பிரிங் இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே இறுக்கமாக நிற்க வேண்டும். கையால் ஆட்டினால் ஆடுகிற ஸ்பிரிங், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது இடம் மாறிவிடும்.

உயரம் மாற்றும் வகை

மரை போட்ட உடலுடன் வரும் காயில்ஓவர் விலை அதிகம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் கிண்ணத்தைத் திருகி உயரத்தை மாற்றுகிறோம். மற்றதில் அடிப்பகுதியையே திருகுவதால் ஷாக் அப்சார்பரின் ஓட்டம் குறைவதில்லை. எந்த வகை என்று கேட்டே கொள்முதல் செய்யுங்கள். சேறும் உப்புக் காற்றும் படும் ஊர்களில் மரை இறுகிவிடும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சாலையும் சட்டமும்

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு சரிவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் பல குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய தாழ்ந்த கார் அதில் அடிபட்டால், முதலில் உடைவது எண்ணெய்த் தொட்டி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளரின் அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்த பிறகே மாற்றச் சொல்லுங்கள்.

நமக்கும் பொறுப்பு உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் யாரென்று தெரியாத சரக்கால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் நஷ்ட ஈடு தர நேரிடும். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டாலும் அப்படியே.

கல்லாவில் கேட்க வேண்டியவை

1. என்ன கார், எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா? எஞ்சின் எடை மாறினால் முன் ஸ்பிரிங்கின் பார்ட் நம்பரும் மாறும்.

2. எத்தனை மில்லிமீட்டர் இறக்க வேண்டும்? குடும்பத்துடன் செல்லும் வண்டியா?

3. ஷாக் அப்சார்பர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? மேல் மவுண்ட், டஸ்ட் கவர், ஆர்ம் புஷ் நல்ல நிலையில் உள்ளனவா?

4. மாட்டிய பின் வீல் அலைன்மென்ட் பார்ப்பார்களா? பார்க்காவிட்டால் டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். ஹெட்லைட் மட்டமும் சரிபார்க்க வேண்டும்.

கம்பெனி பெயர், பார்ட் நம்பர், எந்த மாடலுக்குக் கொடுத்தோம் என்ற விவரங்களைப் பில்லில் எழுதுங்கள். ஸ்பிரிங்கை எப்போதும் இடம், வலம் இரண்டாகவே விற்க வேண்டும். இவ்வளவும் கேட்ட பிறகு வாடிக்கையாளர் வாங்காமல் போனாலும் பாதகமில்லை. அடுத்த முறை பிரேக் பேடுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் அவர் நம் கடையைத்தான் தேடி வருவார்.