காது கேளாதோர் தாமே டெலிபோனில் பேசும் வகை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே ஸ்ரீரங்கம் தீவு அமைந்துள்ளது. 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தன. இத்தகைய வேளையில் கரையோர விவசாயி முதலில் நாடுவது டெலிபோனையே. காது கேளாத விவசாயி என் செய்வார்? மற்றொருவரைத் தேடி, அவர் வாயிலாகவே பேசவேண்டும். கடன், நோய், குடும்ப விவகாரம் யாவும் இவ்வாறு பிறர் அறியச் சொல்லவேண்டியதாகிறது.

இக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் காது கேளாதோரே முன்னின்றனர். அமெரிக்காவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் காது கேளாத பௌதிக அறிஞர், டெலிபிரிண்டரில் அடிக்கும் எழுத்துக்களை ஒலியாக மாற்றி டெலிபோன் கம்பி வழியே செலுத்தும் கருவியை அமைத்தார். 1964-ல் அவரும், காது கேளாத பல் வைத்தியரான ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸும் அதன் வாயிலாக உரையாடினர். பின்னர், 2019-ல் கூகுள் நிறுவனம் லைவ் டிரான்ஸ்கிரைப் என்னும் செயலியை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான டிமிட்ரி கனேவ்ஸ்கியும் காது கேளாதவரே. இச்செயலி பேச்சைத் தமிழிலும் எழுத்தாக்கித் தருகிறது.

இதனைப் பயன்படுத்தும் முறை எளிது. இரண்டு கைப்பேசிகள் வேண்டும். ஒன்றில் அழைத்து, ஒலிபெருக்கியை இயக்கவேண்டும். அருகில் வைத்த மற்றொன்றில் செயலியைத் திறந்து, தமிழைத் தெரிவு செய்யவேண்டும். எதிரில் பேசுவோரின் சொற்கள் திரையில் எழுத்தாகத் தோன்றும். வாய்பேச இயன்றவர் அதைப் படித்துத் தாமே மறுமொழி கூறலாம். பேச இயலாதவருக்குக் குறுஞ்செய்தி உதவும். சைகை மொழி அறிந்தவருக்கு வீடியோ அழைப்பு ஏற்றது.

எனினும் சில எச்சரிக்கைகள் அவசியம். இரைச்சல் மிகுந்த இடத்தில் எழுத்துக்கள் பிழைபடும். ஊர்ப் பெயரும் தொகையும் தவறாகத் தோன்றலாம். ஆகவே அவற்றை மீண்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும். எழுத்துத் தோன்றச் சற்றுத் தாமதமாவதால், மறுமுனையில் இருப்பவர் மறுமொழி வரவில்லையெனக் கருதி இணைப்பைத் துண்டித்துவிடலாகாது.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை மூன்று. ஊரிலுள்ள காது கேளாதோரின் பட்டியலைத் தயாரித்து, வெள்ள எச்சரிக்கையை அவர்களுக்கு எழுத்து மூலம் அனுப்புதல் முதலாவது. குறுஞ்செய்தி ஏற்கும் எண் ஒன்றை அலுவலக வாயிலில் எழுதி வைத்தல் இரண்டாவது. அழைப்போரிடம் நிறுத்தி, தெளிவாகப் பேச ஊழியரைப் பழக்குதல் மூன்றாவது. தகவல் தொடர்பு வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டவேண்டுமென 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதிக்கிறது.

கருவி கிடைத்தால் மட்டும் போதாது. மறுமுனையில் பொறுமையுடன் விடையளிப்பவரும் வேண்டும். அப்பொறுமைக்குச் செலவு ஏதுமில்லை.